எறியாத பந்தைப் பிடித்தவன்

தலைமை அலுவலகம், அமெரிக்கக் கால்பந்து அணி
12 ஜனவரி 1981

திரு. ஆர்வில் டென்க் அவர்களுக்கு,

மேற்கு டெக்சாஸில் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பார்த்துத் தாங்கள் அனுப்பிய ஏழு அறிக்கைகள் வந்து சேர்ந்தன. ஆறைத் தட்டச்சு செய்து மேலாளர் திரு. வோல்க் மேசையில் வைத்துவிட்டேன். ஏழாவதைத் தட்டச்சு செய்ய முடியவில்லை.

லெவோன் ஹாஸ்கின்ஸ், எண் 84, கேடோ கல்லூரி, இறுதியாண்டு. உயரம், எடை, கை அகலம், நாற்பது கெஜ ஓட்டத்தின் நேரம் எல்லாம் இருக்கின்றன. 'பந்து பிடிக்கும் திறன்' என்ற கட்டத்தில் 'பிடிக்கிறான்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மதிப்பெண் இல்லை. 'கூடுதல் குறிப்பு' என்ற இடத்தில், 'இன்னொரு தடவை பார்க்கணும். கோளாறு பையனிடமா என் கண்ணிலா தெரியவில்லை' என்று இருக்கிறது. திரு. வோல்க் இதை அறைக்கே வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிராஃப்ட் ஏப்ரல் 28. அணிகள் முறைவைத்துக் கல்லூரிப் பையன்களை எடுத்துக்கொள்ளும் அந்த நாளில், நீங்கள் கைகாட்டிய ஒருவனையாவது நம் அணி எடுக்க வேண்டும் என்றும், இல்லையென்றால் உங்கள் ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடியும் என்றும் தெரிவிக்கச் சொன்னார். தெரிவித்துவிட்டேன்.

மார்லிஸ் ஹூபர்
(நவம்பர் 15 முதல் இந்தப் பெயர்)


சன்டவுனர் மோட்டல், அறை 6
19 ஜனவரி 1981

அன்புள்ள அலுவலகத்துக்கு,

'திரு. ஆர்வில் டென்க் அவர்களுக்கு' என்று படித்ததும் கோர்ட்டிலிருந்து வந்த கடிதம் என்று நினைத்துவிட்டேன். பிறகு 'க்' எழுத்தின் வால் ஒடிந்திருந்ததைப் பார்த்தேன். உன் டைப்ரைட்டர்தான். கோர்ட்டே தேவலை.

ஏழாவது அறிக்கைக்கு விளக்கம் சொல்கிறேன். கேடோ கல்லூரியில் ஆட்டங்களின் படச்சுருள்களைப் பார்க்க எனக்கு ஒதுக்கியிருப்பது துடைப்பக்கட்டைகள் வைக்கும் அறை. ஜன்னலில் ஒரு கோணியைத் தொங்கவிட்டு, காலை ஒன்பது மணிக்கு புரொஜெக்டரைப் போட்டால் மத்தியானம்வரை நானும் வாளிகளும்தான். என் முறை உனக்குத் தெரியும். பந்து பிடிக்கிற பையன் தன்னிடம் பந்து வரும்போது என்ன செய்கிறான் என்பதை எல்லா அணியின் ஆட்களும் பார்ப்பார்கள். வராதபோது என்ன செய்கிறான் என்று நான் பார்ப்பேன். சோம்பேறி பாதியில் நின்றுவிடுவான். நல்லவன் கடைசிவரை ஓடுவான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு இந்த ஒரு சூத்திரம்தான் சொந்தம். இருபத்தியாறு வருஷம் இதை வைத்தே ஓட்டிவிட்டேன்.

இந்த லெவோன் கடைசிவரை ஓடுகிறான். ஓடி முடித்துத் தலையைத் திருப்புகிறான். பந்து மைதானத்தின் மறுகோடியில் வேறொருவன் கையில் இருக்கிறது. இவன் கையைத் தூக்கி எதையோ பிடிக்கிறான். விரல்கள் மூடுகின்றன. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலு எட்டு வைக்கிறான். பிறகு கையை விரித்துவிட்டு, எதுவும் நடக்காதது மாதிரி திரும்பி வருகிறான்.

விளையாட்டுக்குச் செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மார்லிஸ், வெறுங்கையை மூடுகிறவனுக்கு விரல் உள்ளங்கைவரை போகும். இவன் விரல்கள் பாதியில் நிற்கின்றன, உள்ளே ஏதோ இருக்கிற மாதிரி.

மதிப்பெண் எந்தக் கட்டத்தில் போடுவது, நீயே சொல்.

உன் அப்பா
(பிறந்ததிலிருந்து இந்தப் பெயர்)


2 பிப்ரவரி 1981

அப்பாவுக்கு,

வேடிக்கையாக எழுதிவிட்டால் நான் சிரித்து மறந்துவிடுவேன் என்று நினைக்கிறீர்கள். அம்மா அதற்கு மயங்கினாள், பதினோரு வருடம். நான் மாட்டேன்.

கேடோ கல்லூரியின் கடைசி ஆட்டம் நவம்பர் 15, சனிக்கிழமை. இந்தப் பையனை முதல்முறை நேரில் பார்த்தது அன்றுதான் என்று உங்கள் அறிக்கையிலேயே தேதி இருக்கிறது. அன்று மூன்று மணிக்கு என் கல்யாணத்தில், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பீடம்வரை நடக்க, நான் தேவாலய வாசலில் பூச்செண்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஆர்கன் வாசிப்பவர் அதே பாட்டை மூன்று தடவை வாசித்தார். அம்மாவின் புதுக் கணவர் எழுந்து வந்து, "நான் வேணா கையைப் பிடிச்சுக்கிறேன்மா" என்றார். வேண்டாம் என்று தனியாகவே நடந்தேன். ஆக, இந்த லெவோன் ஹாஸ்கின்ஸ் காற்றைப் பிடிப்பதைப் பார்க்கத்தான் என்னை விட்டீர்கள்.

நீங்கள் சொன்னதைத் திரு. வோல்க்கிடம் சொன்னேன். "டென்க் கிழவன் பேய் வந்தாலும் நாப்பது கெஜம் ஓடவிட்டுத்தான் அனுப்புவான்" என்றார். அறிக்கையை ஒழுங்காக அனுப்புங்கள்.

மார்லிஸ்


சன்டவுனர் மோட்டல்
14 பிப்ரவரி 1981

மார்லிஸ்,

நீ எழுதியது அத்தனையும் சரி. வேறொன்றைச் சொல்கிறேன். சிரிக்க வைக்க இல்லை.

போன பருவத்தின் சுருள்கள் ஐந்தையும் வாங்கி வரிசையாகப் பார்த்தேன். அக்டோபர் 18 ஆட்டத்தில் லெவோன் மூன்று தடவை இல்லாத பந்தைப் பிடிக்கிறான். ஒன்று இடது தோளுக்கு மேலே. ஒன்று தரையோடு தரையாக அள்ளியது. ஒன்று எகிறிப் பிடித்து, சுழன்று, ஒற்றைக்காலில் இறங்கியது. மோட்டல் காகிதத்தில் குச்சி மனிதனாக வரைந்து வைத்தேன். பிறகு அக்டோபர் 25 சுருளை ஏற்றினேன். அந்த ஆட்டத்தில் அவனிடம் மூன்று பந்துகள் வருகின்றன. இடது தோளுக்கு மேலே. தரையோடு தரையாக. எகிறி, சுழன்று, ஒற்றைக்கால். என் குச்சி மனிதர்களை அச்சடித்தது மாதிரி.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். அவன் பந்தைத் தவற விடுவதே இல்லை என்று கல்லூரியில் பெருமையாகச் சொல்கிறார்கள். எப்படித் தவற விடுவான்? ஒரு வாரம் முன்பே பிடித்துவிடுகிறானே.

கடைசிச் சுருள் நீ சொன்ன நவம்பர் 15. அதற்குப் பிறகு அவனுக்கு ஆட்டம் கிடையாது. ஆனாலும் அதில் ஒரே ஒருமுறை, எதிர்ப்பக்கக் கோட்டருகே இல்லாத பந்தைப் பிடிக்கிறான். பிடிக்கும்போது இரண்டு கால் நுனியையும் கோட்டுக்குள் இழுத்து வைக்கிறான். கல்லூரி ஆட்டத்தில் ஒரு கால் உள்ளே இருந்தால் போதும். இரண்டு காலும் வேண்டும் என்பது சம்பளத்துக்கு ஆடுகிற நம் ஆட்டத்தின் விதி. அந்தப் பையனுக்கு யாரும் இன்னும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்புறம் விழுகிறான். அவனைச் சுற்றிப் பத்து கெஜத்துக்கு ஆளில்லை. ஆனால் இடி வாங்கியவன் கழுத்து எப்படி ஒரு பக்கம் போகுமோ அப்படிப் போகிறது. கிடக்கிறான். அசையவில்லை. அதற்குமேல் படம் இல்லை. சுருள் விற்கிற விலைக்கு, விசில் ஊதியதும் காமிராவை நிறுத்திவிடுவார்கள். அடுத்த துண்டில் எழுந்து வரிசையில் நிற்கிறான், முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு.

அவனுடைய அடுத்த ஆட்டம் எதுவென்று யோசித்துப் பார். நாம் கூப்பிட்டால்தான் அது நடக்கும். நானோ வேறு எவனோ.

அப்பா


23 பிப்ரவரி 1981

அப்பா,

இதைத் திரு. வோல்க்கிடம் காட்டவில்லை. தனியாக அந்த அறையில் உட்கார்ந்து படம் பார்ப்பதைக் கொஞ்சம் குறையுங்கள். சாப்பிடுகிறீர்களா? பெட்ரோல் பங்கில் விற்கும் பன்றித்தோல் வறுவல் சாப்பாட்டில் சேராது.

நம்பவில்லை. ஆனால் உங்களுக்கு அப்படித்தான் தோன்றுகிறதென்றால் கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை. அந்தப் பையன்.

மார்லிஸ்


சன்டவுனர் மோட்டல்
9 மார்ச் 1981

மார்லிஸ்,

கேட்டேன். தீவனக் கடையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். வேலை முடிந்ததும் எதிர்க்கடையில் ஆளுக்கொரு கிண்ணம் சில்லி இறைச்சிக் குழம்பு வாங்கி உட்கார்ந்தோம். இருபத்திரண்டு வயது. அடக்கமான பேச்சு. மூட்டையைவிடப் பெரிய கை.

"தம்பி, எறியாத பந்தை எதுக்குப் பிடிக்கிறே?"

"எங்க சார்? நான் ஓடி முடிப்பேன், அவ்வளவுதான். பாதியில நின்னா கோச் தோலை உரிச்சுடுவாரு."

"கையைத் தூக்கி மூடுறியேப்பா."

"அப்படியா?" என்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குத் தெரியாது, மார்லிஸ். நடிக்கிற முகத்தை நான் ஆயிரம் பார்த்திருக்கிறேன்.

குச்சி மனிதர்களைக் காட்டினேன். முதலில் சிரித்தான். "நல்லா வரையறீங்க சார், எங்க தங்கச்சி மாதிரி. அவளுக்கு ஆறு வயசு." பிறகு சிரிப்பு நின்றது. கடைசிப் படத்தில் விரலை வைத்து, "இது எந்த ஆட்டம்?" என்றான். சொன்னேன். விழுந்ததையும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"ரெண்டு காலும் உள்ளயா சார்?"

"உள்ள."

"பந்து?"

"விழுந்தப்பவும் விடல. நெஞ்சோட வெச்சிருந்தே."

"அப்ப பிடிச்சுட்டேன்." காகிதத்தை என் பக்கம் தள்ளினான். "பிடிச்சா சரி சார்."

"அட மடையா, நான் கழுத்தைச் சொல்றேன், நீ பந்தைச் சொல்றே!"

"எங்கப்பா இருபத்தஞ்சு வருஷம் பருத்தி மில்லுல இருந்தாரு சார். மூணு விரல் போச்சு. அவரு எதையும் பிடிக்காமயே போச்சு." கரண்டியை மறுபடி எடுத்தான். "உங்க பேப்பர்ல உள்ளதை உள்ளபடி எழுதுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

நான் உள்ளபடி எழுதவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். 'கை சரியில்லை. எதிராளிகள் கூட்டத்தில் பயப்படுகிறான். எடுக்க வேண்டாம்.' என் பேருக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச மதிப்பும் இதனால் போகும், ஒப்பந்தமும் போகும். அடித்து அனுப்பிவிடு, கண்ணு.

அப்பா


20 மார்ச் 1981

அப்பா,

அடிக்க மாட்டேன். எட்டு வருடமாக உங்கள் அறிக்கைகளை நான்தான் அடிக்கிறேன். எழுத்துப்பிழை இல்லாத ஒன்றைப் பார்த்ததில்லை. பொய் உள்ள ஒன்றையும் பார்த்ததில்லை. கூட்டத்தில் பயப்படுகிறவன் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கிக்கொண்டு அவன் ஆயுள் முழுக்க மூட்டை தூக்கட்டும் என்று தீர்மானிக்க நீங்கள் யார்?

இப்படிக் கோபமாக எழுதி, தபாலில் போடும் முன், நவம்பர் 15 சுருளை வரவழைத்தேன். எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம் திரையை இறக்கிப் பார்த்தேன்.

நீங்கள் சொன்னது எல்லாம் இருக்கிறது. கையை மூடுகிறான். கால் நுனிகள் இழுபடுகின்றன. கழுத்து போகிறது.

ஆனால் ஆட்டத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது அல்லவா? அதனால் எல்லா இடத்தையும் பார்த்தேன். அவன் விழுகிற கோட்டுக்குப் பின்னால் எதிர் அணியினரின் பலகைப் படிகள் தெரிகின்றன. முப்பது பேர்கூட இல்லை. எல்லோர் தலையும் பந்து போன பக்கம் திரும்பியிருக்கிறது. ஒரே ஒருவர் மட்டும் எழுந்து நிற்கிறார். வாத்து இறகு செருகிய தொப்பி. நான் வாங்கிக் கொடுத்தது.

அவர் வலது முழங்கையை மடக்கி, யாரோ பிடித்துக்கொள்ளக் கொடுப்பதுபோல வைத்திருக்கிறார். மெதுவாக நடக்கிறார். ஒத்திகையில் பாதிரியார் சொல்லிக் கொடுத்த நடை. மொத்தம் ஏழு அடிகள். ஏழாவதில் நிற்கிறார். கீழே பையன் விழுவதும் அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அவர் பையனைப் பார்க்கவில்லை. முகம் வேறெங்கோ திரும்பியிருக்கிறது.

நீங்கள் அந்தத் துண்டை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? உங்களை நீங்களே பார்க்கவில்லையா?

முன்பு எழுதியதைக் கிழிக்கவில்லை. அதுவும் என் கருத்துதான்.

எனக்கு ஆகஸ்டில் பிரசவம். அலுவலகத்தில் இன்னும் சொல்லவில்லை.

மார்லிஸ்


சன்டவுனர் மோட்டல்
29 மார்ச் 1981

என் மார்லிஸ்,

ஆகஸ்ட் என்ற வார்த்தையைப் படித்துவிட்டு மோட்டல்காரரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. கை குலுக்கினார்.

அன்றைக்கு வோல்க்கிடம் கேட்டிருந்தால் வேறொருவரை அனுப்பியிருப்பார். நான் கேட்கவில்லை. ஊரார் நடைக்கெல்லாம் மதிப்பெண் போட்டுப் பிழைத்தவன், இருநூறு பேர் முன்னால் நடக்கப் பயந்துவிட்டேன். அதைவிட, கடைசியில் உன் கையை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்ப வேண்டுமே, அந்த நடைக்கு. மூன்று மணி ஆனதும் உட்கார முடியவில்லை. எழுந்து, கையை மடக்கி, நடந்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான் நடந்தேன். அதனால்தான் லெவோன் விழுந்ததை நேரில் பார்க்கவில்லை. படத்தில் பையனைத் தவிர வேறெதையும் பார்க்கிற பழக்கம் இல்லை. போய் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். நான்தான்.

ஆனால் தொப்பியைக் கழற்றியது எனக்கு நினைவில்லை. அது உன் கல்யாணத்துக்கான நடை என்றுதான் நினைத்தேன். கல்யாணத்தில் தொப்பி ஏது? வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களே.

திருத்திய அறிக்கையை வைத்திருக்கிறேன். உள்ளது உள்ளபடி. 'நான் பார்த்த கைகளில் இதுதான் முதல் தரம்.' கடைசி வரியில், 'கழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' வோல்க் சிரிக்கட்டும்.

அப்பா


30 ஏப்ரல் 1981

அப்பா,

டிராஃப்டில் திரு. வோல்க் உங்கள் அறிக்கையை மூன்று சுற்றுவரை கையில் வைத்திருந்தார். பிறகு நாற்பது கெஜத்தை இன்னும் வேகமாக ஓடிய ஒரு பையனை எடுத்தார். நான்காம் சுற்றில் தெற்கே உள்ள ஓர் அணி ஹாஸ்கின்ஸின் பெயரைச் சொன்னது. அறிக்கையை எப்படி எழுதியிருந்தாலும் அவன் போயிருப்பான்.

உங்கள் ஒப்பந்தம் முடிந்தது. கடிதத்தை என்னையே அடிக்கச் சொன்னார். அடித்தேன். 'க்' சரியாக விழவில்லை.

உங்கள் மாப்பிள்ளை ராண்டல் பின்னறையைக் காலி செய்துகொண்டிருக்கிறான். "மாமா வந்தா என் பௌலிங் பந்து எங்க போகும்?" என்று புலம்பிக்கொண்டேதான். வந்துவிடுங்கள்.

மார்லிஸ்


தெற்கே, ஆஸ்பத்திரி எதிரே ஒரு மோட்டல்
2 செப்டம்பர் 1981

மார்லிஸ்,

பேத்தி எப்படி இருக்கிறாள்? அவள் பிடியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் சுண்டுவிரலை அவள் விடவே இல்லை என்பதை ராண்டல் நம்ப மாட்டான். சாட்சிக்கு நர்ஸ் இருக்கிறாள்.

அவள் பிறந்த அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டேன் என்று உனக்கு வருத்தம் இருக்கும். வலியில் நீ கவனித்திருக்க மாட்டாய். சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம், வலி சீக்கிரம் கூட வேண்டும் என்று நர்ஸ் உன்னை நடக்கச் சொன்னாள். ராண்டல் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். நான் கையை மடக்கிக் கொடுத்தேன். நீ பிடித்துக்கொண்டாய். எவ்வளவு கனமாகப் பிடித்தாய்! அன்று மைதானப் படிகளில் இல்லாத கை பிடித்தபோது இந்தக் கனம் தெரியவில்லை. நாலாவது எட்டில்தான் எனக்கு உறைத்தது, நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று. நிற்கலாமா என்று நினைத்தேன். நீ இழுத்தாய். ஐந்து. ஆறு. ஏழில் காத்திருப்பு அறையின் வாசல். உள்ளே டெலிவிஷனில் லெவோனின் புது அணி, பருவம் தொடங்கும் முன் ஆடும் ஒத்திகை ஆட்டம். எதிர்ப்பக்கக் கோடு. இரண்டு கால் நுனிகள். 84.

"ஏம்ப்பா நின்னுட்டீங்க?" என்று கேட்டாய். நான் ஒன்றுமில்லை என்றேன். என் தொப்பி நெஞ்சில் இருந்தது.

டெலிவிஷன்காரன் விசில் ஊதிய பிறகும் காமிராவை நிறுத்தவில்லை. எழுந்து புல்லைத் தட்டுவான் என்று பார்த்தேன். அவன் கிடந்தான். பந்தை அவன் கையிலிருந்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இரண்டு நாள் வண்டி ஓட்டி இங்கே வந்தேன். அவன் அம்மாவும் அந்த ஆறு வயதுத் தங்கையும் இருக்கிறார்கள். கை வேலை செய்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டுதான் பேசுகிறார். என்னைப் பார்த்ததும் லெவோன், "பிடிச்சேன்ல சார்?" என்றான். "பிடிச்சே." "ரெண்டு காலும்?" "ரெண்டும்." பிறகு அவன் அம்மா இருக்கும்போது நான் அழுதுவிட்டேன். இந்த வயதில் இது ஒரு அவமானம். அவள்தான் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தாள்.

நேற்றுக் காலை அவளைக் குளித்துவிட்டு வரச் சொல்லி நான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னலில் நல்ல வெயில். திடீரென்று அவன் இரண்டு கையும் போர்வையிலிருந்து எழுந்தன. விரல்கள் மூடின. பாதியில் நின்றன. நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

பயந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உன்னை நினைத்து, பார்க்கப் பழகாத இடத்தைப் பார்த்தேன்.

போர்வையின் அடிப்பக்கம், கட்டில் ஓரத்தில், முதலில் இடது கால்விரல் அசைந்தது. பிறகு வலது.

டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஊசியால் குத்திப் பார்த்தார். அசைவில்லை. "அப்படித் தோணும் பெரியவரே, பாசத்துல" என்றார். நான் அவரோடு சண்டை போடவில்லை. அவர் இன்றைய கால்களைப் பார்க்கிறார்.

ஒரு வாரம் இங்கேயே இருக்கிறேன்.

அப்பா